சாட்சிக்குத் தேவைப்பட்ட தகப்பன்

கிள்ளான்
28 ஏப்ரல் 2024

அன்பு மகள் சிந்துவுக்கு,

அப்பா ஜெயராஜ் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகம். என் முதுகு மட்டும் என்னோடு பேசுவதில்லை, பேசினால் திட்டுகிறது. உன் சுகத்தை எழுது. இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் வார்டன் அம்மாவுக்கும் என் ஸ்தோத்திரம்.

முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கைப்பேசி கிடையாது என்று உங்கள் வேதாகமக் கல்லூரியில் சட்டம் போட்டாலும் போட்டார்கள், படிவம் மூன்று பரீட்சையில் கோட்டை விட்டவன் ஐம்பத்துமூன்று வயதில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னாங்க, இன்னும் நலம் விசாரிச்சே முடியலையா?" என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிரின்சிபால் ரெவரெண்ட் ஜீவன் ஐயா அடுத்த மாதக் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வருகிறார். சபை சபையாகப் போய்க் கல்லூரிக்கு ஆதரவு திரட்டப் போகிறார். இங்குள்ள வாலிபப் பிள்ளைகளை ஊழியப் படிப்புக்கு உற்சாகப்படுத்தவும் போகிறாராம். அவரை ஏற்றி இறக்க யார் இருக்கிறீர்கள் என்று நம் பாஸ்டர் கமலநாதன் கேட்டார். அப்போது பள்ளி விடுமுறை. என் ஸ்கூல் வேன் சும்மாதான் நிற்கும். கையைத் தூக்கிவிட்டேன். வகுப்பில் ஒருநாளும் தூக்காத கை.

சீட்டுக்கு அடியில் பிள்ளைகள் ஒட்டிய சுவிங்கத்தை இன்று முழுவதும் கரண்டியால் சுரண்டினேன். அந்தக் கரண்டி எதுவென்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

உன் அப்பா,
ஜெயராஜ்


கல்லூரி விடுதி
10 மே 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். அம்மாவின் சுகத்தையும் உங்கள் சுகத்தையும் அறிய ஆவல். இங்கே வெயில் அதிகம். எபிரெய எழுத்துகள் பாதி பிடிபட்டுவிட்டன.

ஐயாவுக்கு நீங்கள் வண்டி ஓட்டுவது சந்தோஷம். ஆனால் கூட்டம் நடக்கும்போது நீங்கள் உள்ளே போய் உட்கார வேண்டியதில்லை அப்பா. பிரிக்பீல்ட்ஸில் வண்டியை விட்டு நகர்ந்தால் அபராதச் சம்மன் வைத்துவிடுவார்கள். உங்கள் முதுகுக்கு அந்த இரும்பு நாற்காலிகளும் ஆகாது. வேனிலேயே சீட்டைச் சாய்த்துப் படுத்திருங்கள். அம்மாவும் வரவேண்டாம். கிளினிக்கில் லீவு எடுப்பது கஷ்டம்.

வேறு விசேஷம் இல்லை. மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்,
சிந்து


கிள்ளான்
28 மே 2024

அன்பு மகளுக்கு,

சுகம், சுகம். உன் கடிதம் கிடைத்தது. என் முதுகின்மேல் இவ்வளவு அக்கறை உள்ள பிள்ளை யாருக்குக் கிடைக்கும்! சொன்னபடியே வேனைவிட்டு நகரவில்லை.

ஐயா கெட்டிக்காரர். ஒருதரம் பெயர் கேட்டால் மறப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸில் கடைக்கு மேல்மாடியில் வாலிபர் கூட்டம். அத்தனை படியையும் மூச்சு வாங்காமல் ஏறினார். கூட்டத்துக்கு முன்னால் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். வாசலில் நின்று, வருகிறவர்கள் கையில் ஜெப அட்டை கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, அதில் இருக்கும் மாணவருக்காக ஜெபம் பண்ணுகிற அட்டை. அட்டைக் கட்டைப் பிரித்தால் எல்லா அட்டையிலும் உன் முகம்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. படத்துக்குக் கீழே நாலு வரி இங்கிலீஷ். என் இங்கிலீஷ் மெக்கானிக்கோடு பேசுகிற அளவுதானே, அதை எங்கே படிக்க? "நம்ம மகள் லா! நான்தான் அப்பா!" என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லிச் சொல்லிக் கொடுத்துவிட்டு வேனுக்குப் போய்விட்டேன்.

கூட்டம் முடிந்ததும் டை கட்டிய ஒருத்தர் தேடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தார். கண்ணில் தண்ணீர். மறுநாள் கம்போங் மேடானில் ஒரு தடித்த அண்ணன் என் தலையில் கைவைத்து, "கட்டுகளை அறுத்துப்போடும் ஆண்டவரே!" என்று சத்தம் போட்டு ஜெபித்தார். முதுகுவலிக்குத்தான் என்று நினைத்து நானும் உரக்க ஆமென் சொன்னேன். கொஞ்சம் தேவலையாகக்கூட இருந்தது.

ஒன்றே ஒன்று பிடிக்கவில்லை. அங்கே ஏழைகள் குடியிருக்கும் ஃபிளாட்டில் ஐயா எல்லோர் கையையும் குலுக்கினார், சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினார். வேன் கதவைச் சாத்தியதும் கிருமிநாசினிப் போத்தலை எடுத்து முழங்கை வரைக்கும் தேய்த்தார். "இந்த ஃபிளாட்டு வாசம் மூக்கைவிட்டுப் போகமாட்டேங்குது பிரதர்" என்றார். உனக்கு நாலு வயது வரைக்கும் நாம் இருந்ததும் அப்படிப்பட்ட ஃபிளாட்தான். நான் ஏர்கோன் குளிரைக் கூட்டிவைத்தேன்.

இன்னும் டெங்கில் ஊர்க் கூட்டம் பாக்கி இருக்கிறது.

அட்டை விநியோகஸ்தர்,
உன் அப்பா


கிள்ளான்
3 ஜூன் 2024

சிந்துவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

சனிக்கிழமை டெங்கிலில் ஒரு வீட்டில் கூட்டம். செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்து வீடு. வண்டி நிறுத்த இடத்துக்குக் குறைவில்லை, கொட்டுகிற மழை வேறு. வீட்டுக்கார ஆன்டி, "உள்ள வாங்கண்ணே, வேன்ல உக்காந்து என்னா பண்ணப் போறீங்க?" என்று என்னை இழுத்து உட்காரவைத்துவிட்டார்.

ஐயா ஒரு கதை சொன்னார். குடிகாரத் தகப்பன். சம்பள நாளில் பெண்டாட்டியை அடித்துத் தாலியைப் பிடுங்கி விற்றவன். பிள்ளை பச்சைத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும். ஒருநாள் அவன் பிள்ளையின் வேதப்புத்தகத்தை அடுப்பில் போட்டானாம். பாதிக் கதை வரைக்கும் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன், யார் பெற்ற பிள்ளையோ என்று. அப்புறம் திரையில் படம் வந்தது. நீ.

பக்கத்தில் இருந்த ஆன்டி என் முதுகைத் தடவி மெதுவாகக் கேட்டார்: "இப்ப விட்டுட்டீங்க இல்லண்ணே?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. டை கட்டினவரின் கண்ணீர், தலையில் வைத்த கை. மூன்று நாளாக வாசலில் நின்று, இந்தக் குடிகாரன் நான்தான் என்று சிரித்துச் சிரித்துச் சொல்லி அட்டையைக் கையில் திணித்திருக்கிறேன். இப்படி ஒரு கழுதை கிள்ளானில் இன்னொன்று கிடையாது.

திரும்பும்போது கேட்டேன். "ஐயா, நான் குடிக்கிறதில்லைங்களே."

"அது உங்களைப் பத்தினதே இல்ல பிரதர். கர்த்தர் செஞ்சதைப் பத்தினது."

"என் வீட்டுக்காரி உஷாராணியை நான் ஒரு அடி அடிச்சதில்ல ஐயா."

"விடுதிக் கூரை ஒழுகுதுன்னு போன வருஷம் சொன்னேன். ஒருத்தர் அழல. அழுதாத்தான் குடுக்குறாங்க. நானா போட்ட சட்டம்?"

அதற்குப் பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். அதை எழுதக் கை வரவில்லை. சொல்லிவிட்டுப் போத்தலைத் திறந்து கையைத் தேய்த்தார். அந்த வாடை வேன் முழுக்கப் பரவியது. ஓரம் கட்டி, மழையில் இறங்கி வாந்தி எடுத்தேன். கண்ணாடியை இறக்கி, "கேஸ்ட்ரிக்கா பிரதர்?" என்று அன்பாகக் கேட்டார்.

அப்பா


கல்லூரி விடுதி
21 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நான் சுகம். அம்மா சுகமா? பரீட்சை நெருங்குகிறது. சாப்பாடு பழகிவிட்டது. இங்கேயும் மாலையில் மழை பெய்கிறது. மழையில் கவனமாக ஓட்டுங்கள்.

உங்கள் மகள்,
சிந்து


கல்லூரி அலுவலகம்
8 ஜூலை 2024

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதரர் ஜெயராஜ் அவர்களுக்கு,

பயணத்தில் நீங்கள் செய்த உதவியை நன்றியோடு நினைக்கிறேன். உங்கள் வயிறு இப்போது நலமென நம்புகிறேன்.

வரும் செப்டம்பர் 22, ஞாயிறு, உங்கள் கிள்ளான் சபையில் நன்றி ஆராதனை நடத்த ஏற்பாடாகியிருக்கிறது. மாணவர் குழுவோடு வருகிறேன். சிந்து தன் சாட்சியைத் தானே சொல்வாள். நீங்களும் சகோதரி உஷாராணியும் முன்வரிசையில் அமர வேண்டும். சாட்சி முடிந்ததும் நான் கைகாட்டுவேன். மேடைக்கு வந்து மகளைத் தழுவிக்கொள்ளுங்கள். மனந்திரும்பிய தகப்பனைக் கண்ணால் காண்பது அநேகருக்கு ஆசீர்வாதம். இரண்டு வார்த்தை பேசினால் இன்னும் நல்லது, எழுதி அனுப்புகிறேன்.

சிந்துவின் மீதிப் படிப்புக்கான உதவி குறித்து எங்கள் குழு அதன்பின் கூடுகிறது. ஜெபியுங்கள்.

தேவப்பணியில்,
ஜீவன்


கிள்ளான்
20 ஜூலை 2024

சிந்து,

சுகமா? இங்கே சுகம் என்று எழுதுவது பழக்கம், எழுதிவிட்டேன்.

உங்கள் பிரின்சிபால் எனக்கு நடிக்கும் வேலை கொடுத்திருக்கிறார். செப்டம்பர் 22, நம் சபையில், முன்வரிசை. நீ மேடையில் என் அட்டூழியங்களைச் சொல்லி முடித்ததும் நான் ஏறிவந்து உன்னைக் கட்டிப்பிடித்து அழவேண்டும். வசனமும் வருகிறதாம். கண்ணாடி முன்னால் நின்று திருந்திய குடிகாரன் முகம் வருகிறதா என்று பார்த்தேன். வருகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

அம்மாவிடம் இனியும் மறைக்க முடியவில்லை. "என்னை அடிச்சீங்களா? நீங்களா?" என்று முதலில் சிரித்தாள். பிறகு கழுத்தில் கிடந்த தாலியைக் கையில் எடுத்துக் கொஞ்சநேரம் பார்த்தாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இதையும் கேள். உன் அட்டை கிள்ளானுக்கு வந்து சேர்ந்துவிட்டது. நம் சபை ரமணி டீச்சர் யார் வீட்டு ஐஸ்பெட்டியிலோ பார்த்திருக்கிறார். தன் இரண்டு பிள்ளைகளையும் என் வேனிலிருந்து நிறுத்திவிட்டார். "தப்பா நினைக்காதீங்க ஜெயராஜ், பிள்ளைங்க விஷயம் லா" என்றார். அவரை நான் தப்பாக நினைக்கவில்லை. குடிகாரன் ஓட்டும் வேனில் நானே உன்னை ஏற்றியிருக்க மாட்டேன். வெளியூர் வீடுகளில் சொன்னதற்கே இது. நம் சபையில், பெற்ற மகள் வாயால் சொன்னால் அதற்கு மேல் எனக்கு வேன் இல்லை.

டெங்கில் ரோட்டில் அவர் சொன்னதை இப்போது எழுதுகிறேன். "உங்க மக தன் கையால எழுதிக் குடுத்ததுதான் பிரதர்." நீ எழுதினாயா?

வார்டன் அம்மா, நீங்களும் இதை நன்றாகப் படித்துவிட்டே கொடுங்கள்.

அப்பா


4 ஆகஸ்ட் 2024

அப்பா,

இந்தக் கடிதம் அலுவலகம் வழியாக வரவில்லை. விடுதிச் சமையல்கார வள்ளியம்மாள் அக்கா வெளியே கொண்டுபோய்ப் போடுகிறார். பதிலை அவர் வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள், பின்பக்கம் இருக்கிறது.

ஆமாம். நான் எழுதினேன்.

சேர்ந்த இரண்டாவது வாரம், தன் வாழ்க்கையில் தேவன் என்ன செய்தார் என்று எல்லோரும் சாட்சி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுகிறார், அம்மா கிளினிக்கில் இருக்கிறார், எனக்கு வேதம் படிக்கப் பிடிக்கும், அதனால் வந்தேன் என்று எழுதினேன். "இதுல தேவன் எங்க வேலை செஞ்சார்?" என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. மற்ற பிள்ளைகள் எழுந்து வாசிக்கும்போது வகுப்பே அழும். என்னுடையதற்கு ஒருவர் கொட்டாவி விட்டார். மாமா கல்யாணத்தில் நீங்கள் ஒரு நாள் குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்ததை இரண்டாம் முறை சேர்த்தேன். "அப்படித்தான், இன்னும் ஆழமாப் போ" என்றார்கள். மூன்றாம் முறை தினமும் குடிப்பீர்கள் என்று எழுதினேன். நான்காம் முறை அம்மாவை அடித்தீர்கள். தாலியும் அடுப்பும் ஐயா சேர்த்தவை. அன்றைக்கு வகுப்பு அழுதது அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால்தான் என்னை எனக்கே சகிக்கவில்லை.

நீங்கள் வண்டி ஓட்டப்போவதாக எழுதியபோது, உள்ளே போகாதீர்கள் என்று மட்டும் சொல்லத் தெரிந்தது.

சிந்து


கிள்ளான்
18 ஆகஸ்ட் 2024

மகளே,

வள்ளியம்மாள் அக்காவுக்கு என் நன்றியைச் சொல். சுகமாக இரு.

உன்மேல் அருவருப்பு வரவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்ச்சாட்சி. வந்தது. நாலு நாள் இருந்தது. நீ சின்னவளாக ஓடுகிற வேனில் வாந்தி எடுப்பாய், நான்தான் கழுவுவேன். அந்த மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு இதையும் கழுவிக்கொண்டிருக்கிறேன். இன்னும் வாடை போகவில்லை.

சாக்கடையில் விழுந்தது உண்மை. அதை நீ எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். நானே நூறுபேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மற்றதை என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. உன் படிப்பு அவர் கையில் இருக்கிறது, எனக்குத் தெரியும். 22-ஆம் தேதி முன்வரிசையில் இருப்பேன். நீ எந்தச் சாட்சியைச் சொன்னாலும் கூப்பிட்டால் எழுந்து வருவேன். அம்மா வரமாட்டாள். அவளைக் கேட்காதே.

அப்பா


7 செப்டம்பர் 2024

அப்பா,

நான் சுகம். நிஜமாகவே.

கிள்ளானுக்குப் போகும் குழுவுக்கு நேற்று ஆலயத்தில் ஒத்திகை. முந்நூறு பேர். நான் முதலில் எழுதியதை வாசித்தேன். அப்பா வேன் ஓட்டுகிறார், பிள்ளைகள் எல்லோரும் வீடு சேரும்வரை சாப்பிடமாட்டார், குடிக்கமாட்டார், ஒரு முறை குடித்துச் சாக்கடையில் விழுந்தார், முன்பு நான் சொன்னது பொய் என்று வாசித்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆமென் சொல்ல யாருக்கும் இடம் கிடைக்கவில்லை.

ஐயா மேடைக்கு வந்து, "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று சொல்லிப் பாட்டைத் தொடங்கச் சொன்னார்.

என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நானாக விலகிவிட்டதாக வைத்துக்கொள்வார்களாம். என் இடத்தில் இரண்டாம் வருஷம் குமுதா வருகிறாள். யாரிடமும் அதிகம் பேசாத பிள்ளை.

22-ஆம் தேதி இனி நீங்கள் போகவேண்டியதில்லை. அம்மாவிடம் நான் கேட்க வேண்டியதை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

சிந்து


கிள்ளான்
23 செப்டம்பர் 2024

அன்பு மகள் சிந்துவுக்கு,

நாங்கள் இரண்டுபேரும் சுகம். உன் கடிதத்தை அம்மா மூன்று முறை படித்தாள். "சாப்பிடமாட்டாராம்! வண்டியில கச்சான் கடலை கொறிச்சிக்கிட்டே வர்றது இவளுக்குத் தெரியாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ராத்திரி சாப்பிட்டாள்.

நீ வேண்டாம் என்றாலும் நேற்று ஆராதனைக்குப் போனேன். உள்ளே போகாதே என்ற உன் பேச்சை ஒருமுறை கேட்டுப் பட்டது போதும். வாசலில் புது அட்டை கொடுத்தார்கள். குமுதாவின் முகம். கீழே நாலு வரி. பக்கத்தில் இருந்த பையனிடம் கொடுத்து, தமிழில் சொல்லச் சொன்னேன். குடிகாரத் தகப்பன், பட்டினி, அடுப்பில் வேதப்புத்தகம். முகத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அச்சடித்த மை கையில் ஒட்டுகிறது.

அந்தப் பிள்ளை மேடையில் ஏறி ஒப்பித்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தொண்டை அடைக்க வேண்டும் எல்லாம் சரியாக வந்தது. சபை அழுதது. பாஸ்டர் கமலநாதன் அழுதார். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், இவளுடைய தகப்பன் எந்த நாற்காலியில் இருக்கிறான் என்று. எங்கே இருப்பான்? அவன் தமிழ்நாட்டில் ஏதோ ஊரில், தன் பெயர் இங்கே நாறுவது தெரியாமல் இருக்கிறான்.

எழுந்துவிட்டேன். வீரன் மாதிரி நினைத்துக்கொள்ளாதே. குரல் கோழி மாதிரி வந்தது.

"உங்கப்பா பேர் என்னம்மா?"

"பிரதர், ஆராதனை நடக்குது" என்றார் ஐயா.

"பேர்தானே ஐயா கேட்டேன்."

பிள்ளை ஒலிவாங்கியை எடுக்காமலே சொன்னது. "கலியமூர்த்தி."

"என்னா வேலை பார்க்குறாரு?"

"தையல்."

"குடிப்பாராம்மா?"

பாஸ்டர் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். அவள் ஐயாவைப் பார்த்தாள். அவர் தலையை அசைக்கவில்லை, சிரித்தபடியே நின்றார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"டீகூடக் குடிக்கமாட்டாரு அங்கிள்."

அதற்குப் பிறகு என்ன பாடினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே வந்து கைகொடுத்தவர்கள் நாலுபேர். பரிசுத்த ஸ்தலத்தில் கலகம் பண்ணினாய் என்று சொன்னவர்கள் அதைவிட அதிகம். ரமணி டீச்சர் குனிந்துகொண்டு காருக்குப் போனார். அவர் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. வருவார்கள் என்று நான் நினைக்கவும் இல்லை.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை மறைக்கக்கூடாது. அந்தப் பிள்ளையை அத்தனைபேர் முன்னால் நிறுத்திக் கேட்டது நான். ஐயா தன் கூட்டத்துக்கு அவளைப் பயன்படுத்தினார், நான் என் கோபத்துக்குப் பயன்படுத்தினேன். இரண்டும் ஒன்றில்லை என்று அம்மா சொல்கிறாள். எனக்கு அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை.

மன்னிப்புக் கடிதம் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். எழுதாவிட்டால் நானே வந்து கூட்டிவருகிறேன். பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் அந்தப் பிள்ளை விடுதிக்குத் திரும்பியிருக்கும். அவள் உட்காரும் மேசையில் யாரும் உட்காரமாட்டார்கள். நீயும் ஒதுங்கிப் போகாதே, கிளம்பும் நாள்வரைக்கும் உன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார். ஒன்றும் பேசவேண்டாம். சாப்பிடு.

வள்ளியம்மாள் அக்காவுக்கு எங்கள் ஸ்தோத்திரம்.

உன் அப்பா,
ஜெயராஜ்